பொம்மைப் படம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அல்ல!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளுக்குச் சென்று அதை அமைத்துக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அதியமான்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உறவினர், நண்பர்கள் என யார் வாங்கினாலும் ஒரு போன் வந்துவிடும். மானிட்டரை இணைத்து, தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்து, இன்டர்நெட் இணைப்பையும் கொடுத்து முடித்தவுடன் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரே வேண்டுகோள்தான் வரும்.

"தம்பி, அப்படியே பசங்களுக்கு ரெண்டு கார்ட்டூனும் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அதுங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கும்."

போட்டுக் கொடுப்பேன். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கார்ட்டூனை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதன் பெயர் சவுத் பார்க். 1997-லிருந்து வந்துகொண்டிருக்கும் அமெரிக்கத் தொடர். உலகெங்கும் ரசிகர்களைக் கொண்டது. எதையும், யாரையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்வது. வயது வந்தோருக்கு மட்டுமே உரியது.

கம்ப்யூட்டர் இதழில் ஒரு கார்ட்டூனைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. இந்தத் தொடர் முதலில் புகழ் பெற்றது இன்டர்நெட்டில். இன்று தயாராவது முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதனை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு செட்டிங்ஸ் விஷயம்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

யார் இந்த நால்வர்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பனி மூடிய மலைகளுக்கு நடுவே இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட சிற்றூர்தான் சவுத் பார்க். ஸ்டான், கைல், கார்ட்மேன், கென்னி என்ற நான்கு சிறுவர்கள் அங்கே பள்ளியில் படிக்கிறார்கள். ஸ்டானும் கைலும் ஓரளவு நியாயம் பேசுபவர்கள். கார்ட்மேன் பேராசை, பொய், வஞ்சகம் எல்லாம் ஒன்றுசேர்ந்த ஒரு குண்டுப் பையன். கென்னி வீட்டில் வறுமை. முகத்தையே மூடும் அளவுக்குத் தொப்பியை இழுத்துக் கட்டியிருப்பதால் அவன் பேசுவது நமக்குப் புரியாது. ஆனால் அவன் நண்பர்களுக்கு மட்டும் நன்றாகப் புரியும்! முதல் ஐந்து சீசன்களில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் கென்னி செத்துப்போவான். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்பான். இன்று எப்படிச் சாகப் போகிறான் என்று காத்திருப்பதே ரசிகர்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது.

இவர்கள் வாயில் வருவதெல்லாம் கெட்ட வார்த்தைகள். கதையில் வருவதோ அரசியல், மதம், பணம், சினிமா நட்சத்திரங்கள், விளம்பர மோகம், பெரியவர்களின் போலித்தனம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வயது வந்தோருக்கு மட்டும் என்ற மிகக் கடுமையான தரச் சான்றைப் பெற்ற முதல் வாராந்திரத் தொடர் இதுதான்.

பேப்பர், கத்தரிக்கோல், பசை

டிரே பார்க்கர், மேட் ஸ்டோன் ஆகிய இருவரும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர்கள். 1992-ல் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி உருவங்கள் செய்து, பழைய பிலிம் கேமராவால் ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். தாளில் வெட்டிய கையைச் சற்றே நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது, மீண்டும் நகர்த்துவது, மீண்டும் ஒரு படம் எடுப்பது. இதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர்.

இதைப் பார்த்து ரசித்த தொலைக்காட்சி அதிகாரி ஒருவர், தம் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்புவதற்கு இதேபோல் இன்னொரு படம் எடுத்துத் தரக் கேட்டார். 1995-ல் அது தயாரானது. வாழ்த்து அட்டைக்குப் பதிலாக வீடியோ கேசட்! வாங்கியவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி. பிறகு யாரோ அதை வீடியோ பைலாக மாற்றி இன்டர்நெட்டில் விட்டார்கள்.

அது யூடியூப் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய காலம் என்பதை மனதில் வையுங்கள். அன்று பல வீடுகளில் இருந்தது டெலிபோன் லைனில் இணைக்கும் மோடம். அதன் வேகம் நொடிக்கு 28.8 கிலோ பிட். ஒரு பைட் என்பது 8 பிட். எனவே 10 மெகாபைட் அளவுள்ள சிறிய பைலை இறக்கவே ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது டெலிபோனை எடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வளவு சிரமப்பட்டும் மக்கள் அதை இறக்கிப் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். இன்று வைரல் வீடியோ என்கிறோமே, அதன் தொடக்கக்கால உதாரணங்களில் ஒன்றாக இந்தக் கிறிஸ்துமஸ் வாழ்த்தைச் சொல்வார்கள்.

இந்தப் புகழால் காமெடி சென்ட்ரல் என்ற சேனல் இருவரையும் அழைத்தது. 1997 ஆகஸ்ட் 13 அன்று முதல் பாகம் ஒளிபரப்பானது. ஆக, ஒரு டிவி தொடருக்கு வாசல் திறந்து விட்டவர்கள் முகம் தெரியாத இன்டர்நெட் ரசிகர்கள்!

நம்ம ஊர் டிடிபி சென்டரில் இருக்கும் அதே சாப்ட்வேர்

முதல் பாகத்தை மட்டும் பெரும்பாலும் தாள் வெட்டியே எடுத்தார்கள். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. வாரா வாரம் இப்படி முடியுமா? முடியாது. எனவே கம்ப்யூட்டருக்கு மாறினார்கள்.

எப்படி மாறினார்கள் என்பதுதான் சுவாரசியம். தாளில் வெட்டிய உருவங்களை ஸ்கேன் செய்தார்கள். அவற்றைக் கோரல் டிரா புரோகிராமில் மீண்டும் வரைந்தார்கள். ஆம், திருமணப் பத்திரிகையும் பிளெக்ஸ் பேனரும் வடிவமைக்க நம் ஊர் டிடிபி சென்டர்களில் பயன்படுத்தும் அதே கோரல் டிராதான்! பிறகு அந்த உருவங்களைப் பவர் அனிமேட்டர் என்ற சாப்ட்வேருக்குக் கொண்டுசென்று அசைய வைத்தார்கள். இது சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் விலை உயர்ந்த வொர்க் ஸ்டேஷன்களில் இயங்கியது. ஐந்தாவது சீசனிலிருந்து மாயா என்ற சாப்ட்வேருக்கு மாறினார்கள். பெரிய ஹாலிவுட் படங்களின் முப்பரிமாணக் காட்சிகளுக்குப் பயன்படும் சாப்ட்வேர் இது.

இங்கே ஒரு வேடிக்கை. இத்தனை சக்தி வாய்ந்த மாயாவை வைத்துக்கொண்டு இவர்கள் செய்வது என்ன தெரியுமா? படம் வெட்டிய தாள் போலவே தட்டையாகத் தெரிய வேண்டும் என்று பாடுபடுவது! நடக்கும்போது கால் மடங்காது. உருவம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே நகரும். தாளின் சொரசொரப்புகூடத் தெரியும். சிறுவர்களின் குரல்களும் அப்படித்தான். டிரே பார்க்கரும் மேட் ஸ்டோனுமே பெரும்பாலானவர்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். பிறகு புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு சாப்ட்வேரில் குரலின் சுருதியை உயர்த்திச் சிறுவன் குரலாக மாற்றுகிறார்கள்.

படம் தட்டையாக இருந்தால் கதை நிற்காது என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கூரையைப் பாருங்கள். இராமாயண, மகாபாரதக் காட்சிகளை வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். உருவங்கள் தட்டைதான். ஆனால் அண்ணாந்து பார்ப்பவர் கதையைப் பிடித்துக்கொள்கிறார். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஆடுவதும் வெட்டிய தட்டை உருவமே. சவுத் பார்க் உருவங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தோல்பாவைதான்.

ஆறே நாளில் ஒரு பாகம்

வழக்கமான அனிமேஷன் தொடரில் ஒரு பாகம் தயாராகப் பல மாதங்கள் ஆகும். சவுத் பார்க்கில் பெரும்பாலான பாகங்களை ஆறே நாட்களில் முடிக்கிறார்கள். வியாழக்கிழமை கூடிப் பேசி யோசனை பிடிப்பார்கள். கதை எழுத எழுதவே மறுபக்கம் படம் வரைவார்கள், குரல் பதிவார்கள். அடுத்த புதன்கிழமை, ஒளிபரப்புக்குச் சில மணி நேரம் முன்புதான் பைல் சேனலுக்குப் போய்ச் சேரும். இந்த ஓட்டத்தை அப்படியே காட்டும் ஆவணப்படம் 2011-ல் வந்தது. அதன் பெயரே "ஒளிபரப்புக்கு இன்னும் ஆறு நாள்" என்ற பொருளில்தான் அமைந்திருக்கும்.

இதனால் என்ன லாபம்? நேற்று நடந்த செய்தியை இன்று கிண்டல் செய்யலாம். 2003 டிசம்பரில் சதாம் உசேன் பிடிபட்ட செய்தி வந்த சில நாட்களிலேயே அது கதைக்குள் வந்துவிட்டது. 2008-ல் ஒபாமா அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்ற மறுநாளே, அந்த வெற்றியை வைத்து ஒரு முழுப் பாகம் ஒளிபரப்பானது.

இந்த வேகத்துக்கு ரெண்டரிங் என்ற வேலை மிக முக்கியம். உருவங்கள், பின்னணி, அசைவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இறுதிப் படமாகக் கணக்கிட்டுத் தருவதே ரெண்டரிங். உங்கள் வீட்டு வீடியோவை எடிட் செய்து முடித்துச் சேமிக்கும்போது ஒரு பச்சைக் கோடு மெல்ல நகருமே, அதே வேலைதான். இதற்கென்று பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து வைப்பதை ரெண்டர் பார்ம் என்பார்கள். 2012-ல் சவுத் பார்க் ஸ்டூடியோவில் 120 பிராசசர்கள் கொண்ட ரெண்டர் பார்ம் இருந்தது. மணிக்கு 30 காட்சித் துண்டுகளுக்கு மேல் முடித்துத் தரும் திறன் அதற்கு உண்டு.

கரண்ட் போன இரவு

இவ்வளவு இருந்தும் ஒரு நாள் சிக்கினார்கள். 2013 அக்டோபரில், ஒளிபரப்புக்கு முந்தைய இரவு ஸ்டூடியோவில் கரண்ட் போய்விட்டது. அனிமேஷன், ரெண்டரிங், எடிட்டிங், ஒலிப்பதிவு எல்லாம் பல மணி நேரம் நின்றன. அக்டோபர் 16 அன்று வர வேண்டிய பாகம் ஒரு வாரம் தள்ளி 23-ம் தேதிதான் வந்தது. 17 சீசன்களில் கெடு தவறியது அதுவே முதல் முறை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் பக்கத்து ரசிகர்களுக்குச் சிரிப்பும் வந்தது, பரிவும் வந்தது. 2012, 2013-ல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். எந்த நேரம் கரண்ட் போகும் என்று கணக்கு வைத்துத்தான் அப்போது கம்ப்யூட்டரையே ஆன் செய்வோம். அமெரிக்கக்காரனுக்கும் அதே கதிதானா என்று தோன்றியது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் அவசியம். அது படம் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக அல்ல. செய்த வேலையைச் சேமித்து, முறைப்படி ஷட் டவுன் செய்ய அவகாசம் தருவதற்காக. இரண்டு, எந்த வேலை செய்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்திடவும். கோடிக்கணக்கில் செலவழிக்கும் ஸ்டூடியோவுக்கே இந்த நிலை என்றால், நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

ரசிகர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்?

கெட்ட வார்த்தைக்காக மட்டும் ஒரு தொடரை யாரும் இத்தனை ஆண்டுகள் பார்க்க மாட்டார்கள். தர்மபுரி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கூத்தில் கட்டியங்காரன் வருவான். கோமாளி என்றும் சொல்வோம். ராஜா முன்னாலேயே ராஜாவைக் கிண்டல் செய்வான். புராணக் கதைக்கு நடுவில் ஊர்ப் பெரிய மனிதரை இழுப்பான். பச்சையாகவும் பேசுவான். விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்கி விழும் கூட்டம் அவன் வந்தால்தான் நிமிர்ந்து உட்காரும். தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்வது இதையேதான். யாரும் சொல்லத் தயங்குவதைச் சொல்வதற்கென்றே ஒரு கோமாளியை நம் முன்னோர் மேடையில் வைத்திருந்தார்கள். சவுத் பார்க்கில் எல்லோருமே கட்டியங்காரர்கள்.

இரண்டாவது காரணம், இவர்கள் கட்சி பார்ப்பதில்லை. வலதுசாரி, இடதுசாரி, சாமியார், நடிகர், பெரிய கம்பெனி என எல்லோருக்கும் அடி உண்டு. தங்கள் தொடரிலேயே செப் என்ற சமையல்காரர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த ஐசக் ஹேஸ் சார்ந்திருந்த சைன்டாலஜி அமைப்பையும் 2005-ல் கிண்டல் செய்தார்கள். 2006-ல் அவர் தொடரை விட்டு விலகினார். 2019-ல் சீனாவின் தணிக்கை முறையைக் கிண்டல் செய்து ஒரு பாகம் வந்தது. உடனே சீன இணையதளங்களிலிருந்து சவுத் பார்க் காணாமல் போனது.

மூன்றாவதாக, நான் மிகவும் மதிக்கும் விஷயம். 2006-ல் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர், புவி வெப்பமாதல் பற்றிப் பேசிவந்ததை இவர்கள் கடுமையாகக் கேலி செய்தார்கள். பாதி மனிதன், பாதி கரடி, பாதி பன்றி கொண்ட ஒரு கற்பனை மிருகத்துக்குப் பயந்து அவர் அலைவதாகக் காட்டினார்கள். 2018-ல் அதே மிருகம் உண்மையாகவே ஊருக்குள் வருகிறது. சிறுவர்கள் அல் கோரிடம் சென்று மன்னிப்புக் கேட்கிறார்கள். கேலி செய்பவர்கள் தங்கள் பழைய கேலியையே திருப்பிப் பார்ப்பது அரிது. அந்தப் பாகம் வந்தபோது ரசிகர்கள் பழைய பாகத்தைத் தேடி எடுத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு என்று ஒரு பாகமும் உண்டு. 2006-ல் வந்தது. நான்கு சிறுவர்களும் வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் என்ற ஆன்லைன் கேமில் மூழ்கிவிடுவார்கள். அந்தக் கேமைத் தயாரித்த பிளிஸ்ஸார்டு நிறுவனத்தின் உதவியுடன், கேமுக்குள் நடக்கும் காட்சிகளை அந்தக் கேமைக் கொண்டே உருவாக்கினார்கள். கேம் மூலம் படம் எடுக்கும் இந்த முறைக்கு மெஷினிமா என்று பெயர். அந்தப் பாகத்துக்கு 2007-ல் எம்மி விருது கிடைத்தது. விடுமுறை முழுக்கக் கேம் ஆடும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழிப்பார்கள்.

ரசிகர்களின் அன்பு எதுவரை போகும் என்பதற்கும் ஓர் உதாரணம். கொலராடோவில் காசா பொனிட்டா என்ற பழைய உணவகம் இருக்கிறது. உள்ளேயே அருவி, பாறையிலிருந்து குதிப்பவர்கள் என்று திருவிழா போல் இருக்கும். 2003-ல் ஒரு பாகத்தில் கார்ட்மேன் அங்கே போவதற்காகப் படாத பாடு படுவான். அதன் பிறகு ரசிகர்கள் அந்த உணவகத்தைத் தேடிச் செல்ல ஆரம்பித்தார்கள். கொரோனா காலத்தில் அது மூடப்பட்டுத் திவாலாகும் நிலைக்கு வந்தபோது, 2021-ல் டிரே பார்க்கரும் மேட் ஸ்டோனுமே அதை விலைக்கு வாங்கினார்கள். பல கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2023-ல் திறந்தார்கள்.

எல்லாப் பாகங்களும் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அருவருப்புக்காகவே அருவருப்பு செய்த பாகங்கள் உண்டு. சில கேலிகள் பலவீனமானவர்கள் மேல் விழுந்திருக்கின்றன. அவற்றை நானும் தாண்டிவிடுவேன். ரசிகன் என்றால் எல்லாவற்றுக்கும் கை தட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

நமக்குத் தெரிந்த ஷின்-சான் கதை

"இதெல்லாம் அமெரிக்காவில், நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டு டிவியிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. ஷின்-சான் என்ற ஐந்து வயது ஜப்பானியப் பையனைத் தெரியாத பிள்ளைகள் உண்டா? தமிழிலும் பேசி நம் வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன்.

இந்தப் பையன் பிறந்தது சிறுவர் இதழில் அல்ல. யோஷிடோ உசுய் என்ற ஓவியர் 1990-ல் பெரியவர்களுக்கான ஒரு காமிக்ஸ் வார இதழில்தான் இவனை அறிமுகப்படுத்தினார். 1992-ல் ஜப்பானில் டிவி தொடரானது. இந்தியாவில் 2006-ல் ஹங்காமா டிவியில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியாக வந்தது. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது, ஆடை அவிழ்ப்பது, பெண்களை வம்புக்கு இழுப்பது என்று அவன் செய்த சேட்டைகளைப் பார்த்துப் பெற்றோர் புகார் செய்தார்கள். 2008-ல் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொடரை நிறுத்த வைத்தது. 2009-ல் வெட்டுகளுடன் திரும்பி வந்தது. அதே தொடரை அமெரிக்காவில் 2006-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? வசனத்தை இன்னும் காரமாக மாற்றி எழுதி, இரவு நேரத்தில் பெரியவர்களுக்கென்றே ஒளிபரப்பினார்கள்!

ஒரே படம். ஓர் ஊரில் குழந்தைகளுக்கு, இன்னோர் ஊரில் பெரியவர்களுக்கு. பொம்மைப் படம் என்றால் குழந்தைகளுக்குத்தான் என்று நாமே முடிவு செய்துகொள்வதுதான் சிக்கல். பொம்மை என்பது படம் எடுக்கும் ஒரு முறை. யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியது அதன் மேல் இருக்கும் வயதுக் குறிப்பு.

வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும்?

ஒருமுறை ஓர் அக்கா வீட்டில், கடை ஒன்றில் நிரப்பி வாங்கி வந்த பென் டிரைவைக் கொடுத்தார். உள்ளே கார்ட்டூன் என்று ஒரு போல்டர். திறந்து பார்த்தால் யானைக் குட்டிப் பாட்டு, எலி பூனைச் சண்டை, நடுவில் சவுத் பார்க் பாகம் ஒன்று! கொடுத்தவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. படம் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. பெரிய தலை, உருண்டைக் கண், வண்ணத் தொப்பி. கீழ்க்காணும் வழிகள் இது போன்ற நிலையில் உதவும்.

1. வயதுக் குறிப்பைப் பார்க்கவும்: 2021-ல் வந்த விதிமுறைகளின்படி இந்தியாவில் ஆன்லைன் வீடியோ தளங்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தரம் காட்ட வேண்டும். யு என்றால் எல்லோருக்கும். யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்றால் அந்த வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கலாம். ஏ என்றால் வயது வந்தோருக்கு மட்டும். 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட தரங்களுக்குப் பூட்டு வசதியும் தர வேண்டும். பெரும்பாலும் இது நான்கு இலக்க பின் எண்ணாக இருக்கும். பிள்ளையின் பிறந்த ஆண்டை இதற்குக் கொடுக்க வேண்டாம்!

2. பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட்: விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். அதில் அக்கவுண்ட்ஸ், பின் பேமிலி எனத் தேர்ந்தெடுக்கவும். இங்கே பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்கி, வயதுக்கு ஏற்ற கட்டுப்பாடுகளையும் நேர அளவையும் அமைத்திடலாம். இதன் இணையதள வடிகட்டி மைக்ரோசாப்ட் எட்ஜ் பிரவுசரில்தான் செயல்படும் என்பதை நினைவில் கொள்ளவும். உங்கள் அக்கவுண்டுக்குக் கட்டாயம் பாஸ்வேர்டு வைத்திடவும். இல்லாவிட்டால் மேலே சொன்னது அனைத்தும் வீண்.

3. யூடியூபில் கட்டுப்பாடு: வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தில் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவின் கடைசிப் பகுதியில் ரெஸ்ட்ரிக்டட் மோட் இருக்கும். இதை ஆன் செய்திடவும். ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் இது தடுத்துவிடாது, ஆனால் பெருமளவு குறைக்கும்.

4. பைலின் முழுப் பெயரைப் பார்க்கவும்: பென் டிரைவில் வரும் பைல்களில் கார்ட்டூன் என்ற பெயரில் வைரஸும் வரலாம். பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதைத் தேர்ந்தெடுத்து, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்திடவும். பெயரின் முடிவில் எம்பி4 அல்லது எம்கேவி இருந்தால் அது வீடியோ. இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது புரோகிராம். அதைத் திறக்கவே கூடாது. உடனே நீக்கிவிடவும்.

இவை எல்லாவற்றையும்விட மேலானது, முதல் பத்து நிமிடம் பிள்ளையுடன் உட்கார்ந்து பார்ப்பது. எந்த சாப்ட்வேரும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

நீங்களும் ஒரு தாள் பொம்மை செய்யலாம்

சவுத் பார்க்கின் தட்டை உருவங்களில் ஒரு நன்மை உண்டு. படம் வரையத் தெரியாதவரும் அந்த முறையில் முயன்று பார்க்கலாம். பவர்பாயின்ட் 2019 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு இருந்தால் போதும்.

புதிய ஸ்லைடைத் திறந்து, இன்சர்ட் மெனுவில் ஷேப்ஸ் சென்று வட்டத்தில் ஒரு தலை, அதில் இரண்டு கண்கள், கீழே செவ்வகத்தில் உடல் வரையவும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் கீயுடன் ஜி கீயை அழுத்தினால் ஒரே பொம்மையாக இணைந்துவிடும். இப்போது இடப்பக்கம் உள்ள ஸ்லைடில் ரைட் கிளிக் செய்து டூப்ளிகேட் ஸ்லைடு கொடுக்கவும். இரண்டாவது ஸ்லைடில் பொம்மையைச் சற்று நகர்த்தி லேசாகச் சாய்க்கவும். பின் டிரான்சிஷன்ஸ் மெனுவில் மார்ப் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இதேபோல் ஏழெட்டு ஸ்லைடுகள் செய்து, மறுபுறம் மறுபுறமாகச் சாய்த்துக்கொண்டே போகவும். எப்5 கீயை அழுத்தி, ஒவ்வொரு ஸ்லைடாக நகர்த்திப் பார்த்தால் உங்கள் பொம்மை ஆடி ஆடி நடக்கும்! பிறகு பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று, கிரியேட் எ வீடியோ மூலம் வீடியோவாகச் சேமித்திடலாம். அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருங்கள். அதுதான் ரெண்டரிங்.

இதைப் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்யுங்கள். குரலையும் அவர்களையே கொடுக்கச் சொல்லுங்கள். கார்ட்டூனைப் பார்ப்பதைவிட, செய்வதில் அவர்கள் அதிக நேரம் மூழ்கிவிடுவார்கள். அவர்கள் தூங்கிய பிறகு உங்கள் அக்கவுண்டில் நுழைந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சவுத் பார்க் பார்ப்பது உங்கள் விருப்பம். அமெரிக்கப் பேச்சு வேகம் பிடிபடாவிட்டால் சப்டைட்டிலை ஆன் செய்திடவும். விஎல்சி பிளேயராக இருந்தால் வி கீயை அழுத்தினால் போதும். கார்ட்மேன் பேச ஆரம்பித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்!